மேஜைக்கு ஆறு நாற்காலி

என்னங்க,

நானும் பாப்பாவும் பூங்காவில் ராட்டின வரிசையில் இடம் பிடிக்கப் போகிறோம். பிளாஸ்கில் டீ இருக்கிறது. அறைச் சாவியை வரவேற்பில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நேற்று, “மூணு பேருக்கு அந்தச் சாப்பாட்டுத் தள்ளுபடி அட்டை கட்டுப்படியாகாது” என்று கோபித்துக்கொண்டு நீங்கள் அறைக்கு வந்துவிட்டீர்கள். நாங்கள் உணவகத்தில் விலைப்பட்டியலைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றோம். முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர் தன் மேஜையிலிருந்து அவருடைய அட்டையைக் காட்டி, “மேஜைக்கு ஒரு அட்டை போதும்மா, யார் உட்கார்ந்தாலும் தள்ளுபடிதான். நாற்காலி சும்மாதானே கிடக்கு, வாங்க” என்று கூப்பிட்டார். பரிமாறுகிறவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இவ்வளவு கூட்டத்திலும் கடவுள் நமக்கென்று நாற்காலி போட்டு வைத்திருக்கிறாரே!

உங்கள் கணக்கு சரிதான். மூன்று பேருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மேஜைக்கு ஆறு நாற்காலி இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்த்து விழிக்கிறவர்கள் இன்றைக்கும் வருவார்கள். வரும்போது அட்டையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பி.கு.: மூன்று நாற்காலிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பாப்பா செருப்பு மாட்டும்போதே யோசிக்கிறாள். “முதல்ல அப்பா வரட்டும், கோவமா இருந்தாலும் பரவாயில்ல” என்கிறாள்.