ஆறு காஜாத் துளைகள்

பிப்ரவரி 3, பகல் 12.10
மீட்டர் எண்: 6. அதாவது, கரையில் இருப்பவர்கள் இன்று தோல் வேகாமல் ஆறு நிமிடம் வெயிலில் நிற்கலாம். அனுப்பிவிட்டேன். மற்ற நிலையங்கள் நின்றுபோனதால் ஊருக்கே இந்தத் தீவின் எண்தான். என் வீட்டுக்காரர் காலமானபின், அவருடைய கையேட்டைப் படித்து நானே பார்த்துக்கொள்கிறேன்.
தினமும் மேலே ஏறி மீட்டர் கண்ணாடியில் படியும் கடல் உப்பைத் துடைக்க என் பங்கு வெயிலில் நான்கு நிமிடம் போகிறது. இனி மாதம் ஒருமுறை போதும். மிச்சமாகும் நிமிடங்களைச் சேர்த்தால், ஏப்ரலில் படகு வந்ததும் பேத்தி ஜோவிட்டா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பவனியில் அவள் கையைப் பிடித்து நடக்கலாம். நாற்பது நிமிட நடை.

பிப்ரவரி 19, பகல் 12.05
எண்: 11. மாதா கண் திறந்துவிட்டாள். சேமிப்பு: 64 நிமிடம்.
வானொலியில் மகள் ரெஜினாள்: "யம்மா, தெருவுல ஒரே கூத்து. ஒம் பேத்தி வீட்டுக்குள்ள வரமாட்டேங்கா. கேட்டா, ஆச்சியே வுட்டுட்டா, ஒனக்கு என்னங்கா."

பிப்ரவரி 20, மாலை 5.30
ரெஜினாள்: "புள்ளைக்குத் தோளெல்லாம் கொப்புளம்மா. தெருவுல பதினாலு பிள்ளைவளுக்கு. ஒன் எண்ண நம்பித்தான வுட்டோம்."
ஏறிப் பார்த்தேன். கண்ணாடிமேல் தோசைக்கல்லில் தீய்ந்த மாவுபோல உப்பு. வெயில் குறையவில்லை, மீட்டருக்குத்தான் கண் மறைந்திருக்கிறது. சுரண்டினேன். அடியில் அரித்துவிட்டது. எண்ணே வரவில்லை.
சேமிப்பைப் பற்றி ரெஜினாளிடம் சொன்னேன்.
"நிமிசம் சேராதும்மா. தோலு, வாங்குன வெயில மட்டுந்தான் வச்சிருக்கும்."

பிப்ரவரி 21, பகல் 12.30
கையேட்டில், தோல் சிவப்பதை வைத்து எண் பார்க்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. அவருடைய காக்கிச் சட்டையில் பட்டன் மாட்டும் காஜாத் துளைகள் ஆறையும் அகலமாக்கி இடக்கையில் சுற்றினேன். கூரைத் திறப்பு வழியே கையை நீட்டி, நிமிடத்துக்கு ஒரு துளையாக மூடிக்கொண்டே வந்தேன். ஜெபமாலையில் மூன்று மணி உருட்டினால், ஒரு நிமிடம்.

பிப்ரவரி 22, காலை 6.00
ஐந்தாம் துளையிலிருந்து சிவந்திருக்கிறது. அனுப்பிய எண்: 4.

மார்ச் 9, காலை 6.10
எண்: 3. வெயில் ஏறுகிறது. இடக்கையில் இடமில்லை. இனி வலக்கை, பிறகு கெண்டைக்கால்.
தலைமையகம்: "கரையிலயே யாரையாவது வெச்சுப் பார்க்கலாமேம்மா?"
யார் வீட்டுப் பிள்ளையின் கையைக் கேட்பது? பிசகு என்னுடையது.

மார்ச் 27, காலை 6.05
எண்: 2. வயிற்றில், ரெஜினாளைக் கீறி எடுத்த தழும்புக்கு மேலே வைத்தேன். இடக்கையில் முதல் நாள் பட்ட இடம் ஒன்று கறுத்து, ஓரம் கோணலாக வளர்கிறது. அன்று கடுகு. இன்று மிளகு.
படகு ஏப்ரல் 5. பாறைகளுக்கிடையே பகலில்தான் வர முடியும். எண் ஒன்றுக்குக் கீழே போனால் வராது.

ஏப்ரல் 2, காலை 6.00
முதல் துளையே சிவந்துவிட்டது.
ஒன்று என்று எழுதிப் பார்த்தேன். அடித்தேன். அனுப்பிய எண்: 0. பவனி இல்லை. படகு இல்லை.
ஜோவிட்டா: "ஆச்சி, நீ எப்ப வருவ?"
சட்டையை எடுத்துக்கொண்டு உடம்பில் இடம் தேடினேன்.
நாளைய எண்ணுக்கு முதுகுதான் மிச்சம். துளைகளை மூட என் கை எட்டவில்லை.