மஞ்சள் கோடு

மார்ச் 5, புதன்
இன்று இரண்டு பிரேக் வேலை, ஒரு கிளட்ச். முதுகு விட்டுப்போச்சு.

கிளம்பும்போது அத்தான் (அக்கா வீட்டுக்காரர், இங்கே ஃபோர்மேன்) கை நீட்டினார். "என் பேனா காஞ்சு போச்சு, உன்னோடதக் குடு." எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு நிறம். சக்கர நட்டை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' சொல்லும்வரை முறுக்கிவிட்டு, நட்டில் தொடங்கி சக்கரம்வரை பெயிண்ட் பேனாவால் கோடு இழுக்கவேண்டும்; முறுக்கியது யார் என்பதற்கு அதுதான் சாட்சி. அவருக்கு வெள்ளை, எனக்கு மஞ்சள். ஃபோர்மேனுக்கே நாம் கடன் கொடுக்கிறோம் என்று பெருமை வேறு!

மார்ச் 6, வியாழன்
வியாழன்தோறும் எனக்குக் காலேஜ் நாள், வேலைக்குப் போவதில்லை. ஏபிஎஸ் சென்சார் பாடம். தூங்கவில்லை, அதுவே சாதனை.

மார்ச் 7, வெள்ளி
பேனா என் டூல் பெட்டிக்குத் திரும்பியிருக்கிறது. மூடியைக்கூடச் சரியாகப் போடவில்லை மனுஷன்.

மார்ச் 11, செவ்வாய்
நேற்று ஒரு டெலிவரி வேனின் முன்சக்கரம் ஓடும்போதே கழன்றுவிட்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் அடியில்லை. ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். ரோட்டில் கிடைத்த மற்ற மூன்றிலும் மஞ்சள் கோடு.

மேனேஜர், "மஞ்சள் யாரு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் பார்க்கவில்லை.

அந்த வேனை நான் தொட்டதே இல்லை. யார் என்ன வேலை செய்தார் என்று எழுதும் ஜாப் கார்டில் வெள்ளிக்கிழமை காலை என்று போட்டு, என் பெயர். எழுதியிருப்பது அத்தான்.

மார்ச் 12, புதன்
பார்க்கிங்கில் மடக்கிக் கேட்டேன். "வியாழக்கிழமை நான் காலேஜ்ல இருந்தப்ப நீங்க என் பேனாவால செஞ்சதுதானே? கார்டுல மட்டும் வெள்ளின்னு போட்டுட்டீங்க."

"மெதுவாப் பேசு. நாலு வண்டி காத்துக்கிட்டு நின்னுச்சு, அவசரத்துல விட்டுட்டேன். நீ ட்ரெய்னி, உன்ன ஒண்ணும் பண்ணமாட்டாங்க. எனக்குன்னா வேலையே போயிடும்."

இந்த ட்ரெய்னி இடத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தேனே, முப்பத்தோரு வயதில்! இன்னும் ஏழு மாதம் போனால் சான்றிதழ். தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்
காலேஜுக்குப் போகவில்லை. அக்கா வந்தாள். எதையும் கேட்கவில்லை, நேரே அழுகைதான். "ரெண்டு பிள்ளைங்கடி. நீ கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

"நான் செஞ்சேன்னு நீ நம்புறியா?"

"எனக்கு அந்த நட்டு போல்ட்டெல்லாம் என்ன தெரியும்?"

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சாப்பிட்டுப் போ என்றுகூட நான் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்
விசாரணை. நட்டையும் சக்கரத்தையும் எடுத்த படத்தைக் காட்டிச் சொன்னேன்: என் கோடு சக்கரத்தைத் தொடும், இதெல்லாம் நட்டின் தலையோடு நிற்கிறது, சக்கரத்தில் மஞ்சளே இல்லை. மேனேஜர், "அவசரத்துல போட்டிருப்பே" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் அத்தான் எழுந்தார். "தப்பு என்மேலயும் இருக்கு சார். மச்சினியாச்சேன்னு செக் பண்ணாம விட்டுட்டேன்." ஆஹா! என்ன பெருந்தன்மை! மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். பாவி, கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் வேறு ஒர்க்‌ஷாப் பார்க்காவிட்டால் இந்த வருஷமே போச்சு என்று காலேஜில் சொல்கிறார்கள்.

மார்ச் 29, சனி
ஒன்பது இடம். ஒன்பதிலும் "சக்கரம் கழண்ட கேஸா?"

ஏப்ரல் 14, திங்கள்
கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கிடைத்தது! பஸ் டிப்போ பின்னால், வண்டி தூக்கும் லிஃப்ட் மூன்றே உள்ள சின்ன இடம். முதலாளியம்மா படத்தை உற்றுப் பார்த்தார். "இது வேற கை" என்றார். கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இங்கே மஞ்சளை யாரும் எடுக்கவில்லை. எனக்கே என்றேன். பக்கத்து லிஃப்ட்காரர் ஒரு நிமிஷம் பேனா கேட்டார். தரவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்?

மே 18, ஞாயிறு
இரண்டு மாதமாகப் பேசாத அக்கா காலையில் காரோடு வந்து நின்றாள். பின்சீட்டில் பிள்ளைகள். பள்ளி லீவுக்கு நானூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகிறாளாம்.

"சக்கரத்தை ஒரு தடவை பாத்துடேன்."

"அத்தான் பாக்கலையா?"

"நேத்தே பாத்தாரு."

வீல் கப்பைக் கழற்றினேன். எல்லா நட்டிலும் புது வெள்ளைக் கோடு. அக்கா காரைவிட்டு இறங்கவில்லை, ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, நான்கு சக்கரத்தையும் மறுபடி முறுக்கி, மஞ்சளில் கோடு இழுத்துக் கொடுத்தேன்.