கட்டிலுக்கடியில் இருந்த புது டயர்

8-1-81, வியாழன்

காலை ஒன்பது வரை பனி. எதிரே வரும் மாடு தெரியவில்லை. மேலூரில் சப்பை நோய் ஊசி, 43 மாடு. ஒரு கிடேரி முழங்காலில் உதைத்தது. எல்லோரும் "டாக்டர் சார்" என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, ஊசி போடும் ஆய்வாளர்தான் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. இப்போது சொல்வதும் இல்லை. கேட்கப் பிடித்துத்தான் இருக்கிறது.

நாளை சரோஜாவோடு கண்ணமங்கலம். வாங்க வேண்டியவை: வெல்லம், மண்ணெண்ணெய், ஸ்டவ் திரி, ச.வுக்கு வளையல்.

மோட்டார் சைக்கிள் பின் டயர் விஷயம். போன வாரம் பஞ்சர் கடை பாய் ஒரு பத்துப் பைசாவை டயரின் பள்ளக் காடியில் நிறுத்திக் காட்டினார். நிற்கக் காடியே இல்லை, விழுந்துவிட்டது. ஓரத்தில் நூல் எட்டிப் பார்க்கிறது. "நூல் தெரிஞ்ச பின்னால மாத்துறது லேட்டு சார். தெரியறதுக்கு முன்னாடி மாத்தணும். மலை ஏறி எறங்குற வண்டி." சரி சரி என்று வந்துவிட்டேன்.

புது டயர் கட்டிலுக்கடியில் இருக்கிறது, கோணியில் சுற்றி. ஆவணியில் மச்சான் வேலூரில் வாங்கி அனுப்பியது. பழையது இன்னும் கொஞ்சம் ஓடும், ஓடட்டும். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பில் ஒட்டித் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். ச. கேட்டாள்: "அந்த டயர இன்னாங்க, அடை காக்குறீங்களா?" சிரித்தேன். பொங்கல் போகட்டும், மாற்றிவிடலாம்.

9-1, வெள்ளி

விழுந்துவிட்டோம்.

ஊற்று வளைவில். அங்கே ரோட்டின் குறுக்கே எப்போதும் தண்ணீர் கசியும், பாசி. பிரேக்கைத் தொட்டேன். பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போனது. அப்புறம் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. பத்தடி தள்ளி மேலூர் வெள்ளையன் சாமைத் தாளை ரோட்டில் பரப்பியிருந்தான். போகிற வண்டிகள் ஏறினால் மணி உதிரும், இங்கே எல்லோரும் செய்வதுதான். வழுக்கிக்கொண்டே போய் அதன் மேல் விழுந்தோம். தாள் இல்லாவிட்டால் ச.வின் தலை கல்லில் பட்டிருக்கும்.

ஓடி வந்தார்கள். ஊர்க்கவுண்டர்தான் முதலில். "இன்னா சார் ஆச்சு?"

"சாமைத் தாளு வழுக்கிடுச்சு" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தயாராக இருந்தது. ச. இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். அந்த வலியிலும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

10-1, சனி

வேலூர் ஆஸ்பத்திரி. ச.வுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அது வேறு வெட்கமாக இருக்கிறது.

அமிர்தி வரை பஸ். அங்கிருந்து பாரஸ்ட் ஜீப். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ச. கேட்டாள்: "நாலு பேரு எதிர்ல உங்கள விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா அந்தாளு இன்னாங்க பண்ணாரு?"

மண்ணெண்ணெய் வாங்கவில்லை. வளையல் இனி எதற்கு.

11-1, ஞாயிறு

ஊர்க்கூட்டம். என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை. கோயிலுக்கு முன்னால் எனக்கு மட்டும் நாற்காலி.

ஊர்க்கவுண்டர்: "ஆபீசர் வூட்டம்மா கை ஒடஞ்சி போச்சு. நாளைக்கு மாட்டுக்கு ஊசி போட யாரு வருவாங்க? வெள்ளையா, இன்னா சொல்ற?"

"தப்புதாங்க. தாள ஓரமா போட்டிருக்கணும்."

ஓரமாகத்தான் போட்டிருந்தார். எனக்குத் தெரியும்.

தீர்ப்பு: இந்த வருஷம் வெள்ளையன் ரோட்டில் தாள் போடக்கூடாது. ஆபீசர் காலில் விழ வேண்டும். ஊர் சொன்னால் சொன்னதுதான்.

விழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மண்ணில் நெற்றி பட. என் செருப்பின் மேல் அவர் கை. எழுந்து தடுத்திருக்கலாம். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று வேறு சொன்னேன். சீ.

என்னைவிட இருபது வயது மூத்தவர். முந்தாநாள் வரை அவன் இவன் என்று எழுதியிருக்கிறேன்.

அவரிடம் இருப்பது ஒற்றை மாடு. ஜோடி மாடு போன வருஷம் செத்தது, நான் ஊசியோடு வருவதற்கு இரண்டு நாள் முன்னால். ஒற்றை மாட்டை வைத்துத் தாள் மிதிக்க முடியாது. வீட்டில் ஆள் இல்லை, கையால் அடித்தால் முடியாது. ஒரு மழை வந்தால் அத்தனை சாமையும் முளைத்துவிடும். ரோடுதான் அவருக்கு வழி. அதைத்தான் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

12-1, திங்கள்

ஆபீஸ் ரிப்போர்ட் எழுதினேன். "விபத்துக்குக் காரணம்" என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வானம் மூட்டமாக இருக்கிறது. இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்தேன்.

13-1, போகி

விடிந்ததும் கோணியை அவிழ்த்தேன். பட்டை இரும்பு இரண்டை வைத்து நெம்பி டயர் மாற்றினேன். முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேர வேலையை ஐந்து மாதம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

கழற்றிய டயரை வாசலில் பழைய பாய், கிழிந்த முறத்தோடு குவித்தேன். இன்று போகி, எல்லோரும்தான் எரிக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள். ச. கதவோரம் நின்றாள். "எரிச்சிட்டா சரியாப் பூடுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

தீப்பெட்டி எடுக்கப் போகும்போது வெள்ளையன் வந்தார். ஒரு பாட்டில் தேன், ஒரு படி சாமை அரிசி. "அம்மாவுக்குங்க. கஞ்சி வெச்சிக் குடுங்க, எலும்பு கூடும்." கூசிப்போய் நின்றேன்.

டயரைப் பார்த்தார். "கொளுத்திடாதீங்க சார். குடுங்க, செருப்பு தெச்சிக்கறேன்."

குனிந்து எடுத்தார். கட்டைவிரலால் நடுவில் தடவினார். ஒரு முழுச் சுற்று தடவினார். நூல் தெரிகிற இடத்தில் விரல் நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தேன்.

"இது செருப்புக்குக்கூட ஆவாதுங்க சார்" என்றார். மெதுவாகக் கீழே வைத்தார். "வர்றேங்க."

எரிக்கவில்லை. டயர் மறுபடி கட்டிலுக்கடியில், புதுசு இருந்த இடத்தில்.

14-1, பொங்கல்

ச. ஒற்றைக் கையால் கோலம் போட்டாள். நான் அரிசி களைந்தேன். பொங்கல் அடிப்பிடித்தது. சாயங்காலம் லேசான தூறல், ஐந்து நிமிஷம். நின்றுவிட்டது. அந்த ஐந்து நிமிஷமும் வெள்ளையன் சாமைதான் கண்ணில்.

ச.விடம் சொன்னேன், நாளைக்கு மேலூரில் சொல்லிவிடுகிறேன் என்று. "நானும் வர்றேன்" என்றாள்.

15-1, மாட்டுப் பொங்கல்

ஊரே கோயில் முன்னால், மாடுகளோடு. கொம்பில் பெயிண்ட் நாற்றம். பழைய டயரை வண்டியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நின்றுகொண்டே சொன்னேன். தாள் மேல் ஏறுவதற்கு முன்னாலேயே வழுக்கிவிட்டது, டயர் மொட்டை, புதுசு வீட்டிலேயே இருந்தது, நான் பொய் சொன்னேன்.

ஊர்க்கவுண்டர் எழுந்து கும்பிட்டார். "பாத்தீங்களா, சாருக்கு எவ்வளோ பெரிய மனசு! வெள்ளையன் கஷ்டத்தப் பாத்துட்டு பழியத் தன் தலை மேல போட்டுக்கறாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டயரைத் தூக்கிக் காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நிமிஷம் அதோடு விட்டிருந்தால் பெரிய மனிதனாகவே திரும்பி வந்திருக்கலாம். அந்த ஆசையும் வந்தது. எழுதித்தான் ஆக வேண்டும்.

பின்னாலிருந்து வெள்ளையன்: "சார் சொல்றது நெசங்க. போகி அன்னிக்கே டயரத் தடவிப் பாத்தேன்."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"சாரு சொல்லணும் இல்லீங்களா?"

வெள்ளையன் காலைத் தொடக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "அதெல்லாம் வாணாங்க. எஞ் சாமை அப்பிடியே கெடக்குது. வந்து வண்டி ஓட்டிக் குடுங்க."

ஊற்று வளைவு. அதே இடத்தில் தாளைக் கொண்டுவந்து பரப்பினார், இந்த முறை ரோடு முழுக்க. தடை போட்ட ஊரே இரண்டு பக்கமும் நின்றது. ச.வும், கழுத்தில் தொங்கும் கட்டுக் கையோடு. ஈர வளைவில் இறங்கி, தாள் மேல் ஏறி, திரும்பி, மறுபடி. பத்து நடை போய் வந்தேன்.

ஒரு தடவைகூட வழுக்கவில்லை.