என் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

12.4.1976, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. அம்மா மூன்று தரம் சோறு போட்டாள். மூன்று தரமும் தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

எமர்ஜென்சியில், மிசா சட்டத்தில் பிடித்துப் போய் அறுபத்தெட்டு நாள். ஜெயிலில் நானும் எங்கள் கிளைச் செயலாளர் தனக்கோடியும் ஒரே அறை. இன்று காலை என்னை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அப்பா. இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் டைப் அடித்த தாள், நான்கே வரி. கட்சி வேலையில் இனி ஈடுபட மாட்டேன், நடந்ததற்கு வருந்துகிறேன், விடுதலை செய்யக் கோருகிறேன்.

"படிச்சிகினு நிக்காதடா. ஜல்தியா போடு. மத்ததெல்லாம் வெளிய போயி பாத்துக்கலாம். யாருக்கும் தெரியாது."

படிக்காமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

துணி எடுக்க அறைக்குத் திரும்பினேன். மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று தனக்கோடியிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன்.

"ஒடம்ப பாத்துக்கோங்க சின்னவரே. ஒரே ஒரு உபகாரம். தறியில கல்யாணச் சேலை பாதியில நிக்குது. மொதலாளி பாவு நூலை அறுத்துகினு போயிடுவாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டு வைப்பாரு. என் மச்சான் வந்து நெய்ஞ்சி முடிச்சிடுவான். அதுலதான் வீட்டுல ஒல பொங்கணும்."

நாளைக்கே சொல்கிறேன் என்றேன்.

14.4.1976

இன்றும் நெசவாளர் தெருப் பக்கம் போகவில்லை. காமாலைக்காரன் எப்படி வெளியே நடமாடுவது?

7.5.1976

போனேன். இருபத்தைந்தாவது நாள்.

தறியில் பாவு இல்லை. முதலாளி வேணுகோபால் போன வாரமே ஆளனுப்பி அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். தனக்கோடியின் மனைவி ரேணுகாம்பாள் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குறை சொல்லவில்லை. நான்தான் முந்திக்கொண்டு காமாலைக் கதையை எடுத்துவிட்டேன்.

"அய்யோ, சொல்லி அனுப்பக்கூடாதா?" என்று எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினாள். கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து, எங்கேயோ மோர் வாங்கிக் கலந்து டம்ளரை நீட்டினாள். "மூணு நாளு வெறும் வயித்துல குடிக்கணும்ங்க. நாளைக்கும் மறுநாளும் நானே கொண்டாந்து குடுக்கறேன்."

இல்லாத நோய்க்கு மருந்து! பாவு போன வீட்டில், கடன் மோரில்! அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா நான்?

குடித்தேன். ஒரே கசப்பு.

9.5.1976

மூன்றாவது டம்ளரும் ஆயிற்று. "கண்ணுல மஞ்ச எறங்கிடுச்சிங்க" என்று சந்தோஷப்பட்டாள்.

6.2.1977

தனக்கோடி விடுதலை. ஒரு வருஷம் முழுசாக. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் தாங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். அப்பா என்னை இழுத்து அவர் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் மாலை போட்டார். போட்டோ எடுத்தார்கள்.

தனக்கோடி என் காதருகில் கேட்டது ஒன்றுதான். "காமாலை போயிடுச்சா சின்னவரே?"

போய்விட்டது என்றேன்.

9.6.1977

எனக்கு சீட். அப்பாவின் பழைய தொகுதி, சொத்து மாதிரி கைமாறுகிறது. ஊர்ச் சுவரெல்லாம் என் பெயர், 'மிசா ஜெயவேல்'. வேண்டாம் என்று முனகினேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார்; அதோடு சரி.

மேடையில் தனக்கோடி பேசினார். "நானும் சின்னவரும் ஒரே எடத்துல படுத்தோம், ஒரே களிய தின்னோம்!" கைத்தட்டல். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

16.6.1977

ஜெயித்துவிட்டேன். தோளில் தூக்கினவர்களில் தனக்கோடியும் ஒருவர்.

25.4.1980

மறுபடி தேர்தல். தலைமைக் கழகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ஆரணியில் ஒரு நெசவாளருக்குக் கொடுத்தால் என்ன? தனக்கோடி எப்படி?"

நல்ல உழைப்பாளி, ஆனால் அவருக்குப் பேச்சு வராது என்று சொன்னேன்.

அவருடைய பேச்சில் ஜெயித்தவன் நான். எந்த வாயால் சொன்னேனோ!

சீட் எனக்கே.

20.9.1983

அப்பா போய்ப் பதினேழு நாள். இன்று அவர் பீரோவை ஒழித்தேன். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கவர். அதில் என் கடிதத்தின் நகல். அதோடு இன்னொரு தாள், நான்காக மடித்தது. அதே நான்கு வரி. பெயர் தனக்கோடி. தேதி 10.4.1976, எனக்கு இரண்டு நாள் முந்தையது. கையெழுத்து இடம் காலி.

அன்றைக்கு யாரோ பார்க்க வந்திருப்பதாக அவரை மனுவுக்குக் கூப்பிட்டார்கள். மனைவி வந்திருப்பாள் என்று நினைத்தேன். வந்தது அப்பா.

அப்படியென்றால் தெரியும். நான் காமாலை என்றபோதே அவருக்குத் தெரியும். ஏழு வருஷமாக, ஒவ்வொரு மேடையிலும்—

22.9.1983

தனக்கோடி தறியில் இருந்தார். தாளைக் காட்டினேன். நெய்கிற நாடாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பெரியவரு மொதல்ல என்னாண்டதான் வந்தாரு. ரெண்டு பேரா வெளிய வந்தா ஊருல தப்புப் பேச்சு வராதுன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏங்க யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா சிரிச்சிருப்பானுங்க. உங்கள மட்டுமா? கட்சிய."

"ரேணுகாம்பாளுக்கு?"

"தெரியாது. அரைச்சிக் குடுத்தவள பேஜாரு பண்ணுவானேன்?"

மன்னிச்சிடுங்க என்றேன். அவர் நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "கையெழுத்த வுடுங்க சின்னவரே. பயம் எல்லாருக்கும்தான். எனக்கும் அன்னிக்கு இருந்திச்சி. ஆனா பாவு விஷயம்... அத மறுநாளே போயி சொல்லியிருக்கலாம். அதுக்கு என்ன பயம்?"

இவ்வளவு நாள் நான் தப்பான இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

26.11.1984

தலைமைக் கழகம். நான் நிற்கவில்லை, தனக்கோடிக்குக் கொடுங்கள் என்றேன். "அவருக்குப் பேச்சு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" "பொய் சொன்னேன்" என்றேன். சிரித்தார்கள், தமாஷ் என்று நினைத்து. ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். கவர் சட்டைப் பையில் இருந்தது.

உடம்பு சரியில்லை, சர்க்கரை என்றேன். மறுபடியும் நோய்! நான் திருந்துகிற லட்சணம் இதுதான்.

சீட் தனக்கோடிக்கு.

3.12.1984

சுவர் எழுதும் துரைக்கண்ணு காலையில் வந்தான். மேலே 'மிசா தனக்கோடி', கீழே ஓட்டுக் கேட்பவனாக என் பெயர். "உங்களுக்கும் முன்னால மிசா போட்டுடறேங்க, எடம் கீது."

"வேணாம். வெறும் ஜெயவேல்."

"ஏங்க?"

கவர் நினைவுக்கு வந்தது. "நான் எழுதிக் குடுத்துட்டு வந்தவன்பா" என்றேன். துரைக்கண்ணுவுக்குப் புரிந்ததோ என்னவோ, பிரஷ்ஷைத் தொங்கவிட்டபடி நின்றான். சாயங்காலத்துக்குள் ஊருக்குப் புரிந்துவிடும்.

நெசவாளர் தெரு வழியாகத் திரும்பினேன். தனக்கோடி தேவிகாபுரம் பக்கம் ஓட்டுக் கேட்கப் போயிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். தறியில் சேலை பாதியில் நிற்கிறது.

வேணுகோபால் வீட்டுக்குப் போய், தேர்தல் முடிகிறவரை பாவை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றே போனேன்.