எந்தப் பெட்டியை வாங்க, மாப்பிள்ளை?

என் பிரியமுள்ள ஆரோக்கியம் மாப்பிள்ளைக்கு,

அனுமந்தன்பட்டியில் எல்லோரும் சுகம். உங்கள் முதலாமாண்டு நினைவுப் பூசை நெருங்கிவிட்டது. அதற்குள் நான் ஒரு பெட்டி வாங்கியாக வேண்டும். எந்தப் பெட்டி என்றுதான் தெரியவில்லை. விவரம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள்.

விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு அமலி பாடவே இல்லை. கோயிலில் வாயசைக்கக்கூட மாட்டாள். என் தங்கையிடம் நான் கெஞ்சாத நாளில்லை. போன மாதம் அவளாகவே வந்து, நீங்கள் மெட்டுப் போட்ட மாதா பாட்டைப் பூசைக்காகப் பதிந்து தருகிறேன் என்றாள். "ஆனா அவுக மைக்குலதாண்ணே பாடுவேன். வேற மைக்க நீட்டுனீகன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

உங்கள் மைக்கோ மேடையில் உரக்கப் பாடுகிறவர்களுக்கானது. அவள் குரல் இப்போது பக்கத்தில் இருப்பவருக்கே எட்டாது. கம்ப்யூட்டரில் சத்தத்தை முழுக்கக் கூட்டினால், குரலுக்கு முன்னால் 'உஸ்' என்று இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் ப்ரீஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும், மைக்கின் மெல்லிய ஒலியை அதுதான் தூக்கிக் கொடுக்கும் என்றார்கள். வாங்கிவிடலாம் என்று கிளம்பியவன்தான், இன்னும் கரை ஏறவில்லை.

சின்னமனூர் மைக்செட் கடைக்காரர், "பல்பு எரியிற பெட்டி வாங்குங்க சார், சவுண்டு கதகதன்னு வரும்" என்றார். சத்தத்தில் என்ன கதகதப்பு? கம்பத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர், "அதெல்லாம் பகட்டு. ஒயர்லயே மாட்டுற குட்டிப் பெட்டி போதும். ஆனா அது வேலை செய்ய ஒயர் வழியா நாப்பத்தெட்டு வோல்ட் கரண்டு போடணும்" என்றார். அதைக் கேட்டதும் சின்னமனூர்க்காரர் பதறிவிட்டார். "போட்றாதீக, மைக்கு செத்துப்போகும்!" யூடியூபில் ஒரு மலையாளி அரை மணி நேரம் விளக்கினார். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக் கேட்டேன். கடைசியில் எதை வாங்கச் சொன்னார் என்பது மட்டும் புரியவில்லை. உங்கள் மைக் போய்விட்டால் அமலி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கடைக்காரர், வீடியோக்காரர் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். நீங்கள் சுவரெல்லாம் போர்வை அடித்து வைத்த அறையில் அமலியை உட்கார வைத்து, மாற்றி மாற்றி மாட்டினேன். மாதாவை வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டையும் போட்டேன். மைக் சாகவில்லை. ஆனால் அவள் வாயைத் திறப்பாள், முதல் வார்த்தையோடு நின்றுவிடுவாள். நான் பெட்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டு அடுத்ததை மாட்டுவேன். "கணீர்னு பாடு ஆத்தா, பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்க வேணாமா?" என்று ஒருமுறை அதட்டியும் பார்த்தேன். போதாததற்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு வரலாம் என்று வெளியே போனேன். பதிவை நிறுத்தாமலே போயிருக்கிறேன்.

அவள் அடுப்படிக்குப் போன பிறகு அதைப் போட்டுக் கேட்டேன். மோட்டார் சத்தம் நிற்கிறது. அப்புறம் அவள் உங்களிடம் பேசுகிறாள்.

"ஏங்க, அண்ணன் பெட்டிய மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டிருக்காக. பெட்டியில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஆரம்பிக்க வரல. நீங்க எடுத்துக் குடுங்களேன்."

கோயில் பாட்டுக்குழுவில் முதல் வரியை எப்போதும் நீங்கள்தானே எடுத்துக் கொடுப்பீர்கள். நீங்கள் முடிக்கிற இடத்தில் அவள் சேர்ந்துகொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு பாட்டையும் தானாக ஆரம்பித்ததில்லை. பின்வரிசையில் நின்று இத்தனை வருஷம் கேட்ட எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? அழுதுவிட்டேன், மாப்பிள்ளை.

அந்தப் பேச்சு ஒரு எழுத்துத் தப்பாமல் பதிந்திருக்கிறது. ஆனால் அப்போது எந்தப் பெட்டி மாட்டியிருந்தது? சத்தியமாக நினைவில்லை. இரண்டையும் எதிரே வைத்துக்கொண்டு விழிக்கிறேன். அவ்வளவு மெதுவாகப் பேசியதே கேட்கிறதென்றால் எதுவானாலும் சரிதான் போல. நான் கேட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லலாமா? அதுவும் தெரியவில்லை.

வருகிற ஞாயிறு அவளை மறுபடி மைக் முன்னால் உட்கார வைப்பேன். முதல் வரியை நான் எடுத்துக் கொடுப்பேன். என் சுருதி உங்களுக்குத் தெரியும், மாதாவே காதைப் பொத்திக்கொள்வாள். என் குரலைப் பிறகு பதிவிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். சத்தியம் செய்கிறேன், அவள் வந்து சேருகிறவரை நான் நிறுத்த மாட்டேன்.

உங்கள் அமலியின் அண்ணன்,
உங்கள் மச்சான் சவரி