இரண்டு பக்கமும் ஒரே படம்

ஜூலை 9, 2025. ஆனைக்கரை

மழை விடவில்லை. டீ ஊற்றினால் பாதி தம்ளருக்கு வெளியே. தோழி ஜிஜி ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து கெட்டிலை வாங்கிக்கொண்டாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எரிச்சல். திட்டித் தொலைத்தால் என்ன?

ஜூலை 12

ஏலத்தோட்டத்தில் எடுத்த படங்களை ஜிஜிக்கும் இன்னொரு தோழி ஹஸீனாவுக்கும் காட்டினேன். ஒன்று எடுத்து, கால் மாற்றி நின்று இன்னொன்று எடுப்பேன். இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கும் பெட்டிக்குள் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்குச் செடி எழுந்து நிற்கும். போன வருஷம்வரை எனக்கும் நின்றது. ஏலச்செடியின் தண்டான தட்டை குத்தி வலக்கண் போனபிறகு, தம்ளரானாலும் செடியானாலும் எது கிட்டே, எது எட்டே என்று பிடிபடுவதில்லை; பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் நான் பார்க்கிறேன்.

"அடேங்கப்பா, தொட்டுறலாம் போல இருக்கு" என்றாள் ஜிஜி.

"குமுளியில எங்க கடைக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கே காட்டலாம், ரிஞ்சு" என்றாள் ஹஸீனா. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 13

எங்கள் கூட்டத்து ரோசியிடமும் காட்டினேன். வெடுக்கென்று பெட்டியை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள். "எனக்கு வேண்டாம்ட்டி. இலை கண்ணக் குத்த வருது."

யாரிடம் வந்து என்ன பேசுகிறாள்! நரம்பில்லாத நாக்கு. இனி அவளோடு பேச்சில்லை.

ஜூலை 20

ஒரு சந்தேகம் அரிக்கிறது. முன்பெல்லாம் ஜிஜி சில படங்களை "இது ஒப்பேறல" என்று தள்ளிவிடுவாள். இப்போது எல்லாவற்றுக்கும் அடேங்கப்பாதான். நான் நன்றாகத்தான் எடுக்கிறேனா? இல்லை, கண் போனவளுக்குக் கையில் மிட்டாயா? இது ஒன்றாவது எனக்கு மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 26

செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே படத்தை வைத்தேன். அப்படி வைத்தால் யார் கண்ணுக்கும் எதுவும் எழும்பாது, காலண்டர் படம் மாதிரித் தட்டையாகத்தான் கிடக்கும்.

ஜிஜி பார்த்தாள். "அடேங்கப்பா. காயெல்லாம் முன்னால வந்து நிக்குது." ஹஸீனாவும் தலையாட்டினாள்.

அவர்கள் போனபிறகு அழுதேன். பாவிகளா, பாவம் பாத்தா பொய்தான் சொல்லணுமா? இத்தன நாளும் — எல்லாம் பொய்யா?

ஜூலை 27

பெட்டியை அலமாரிமேல் தூக்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 3

சர்ச்சில் பூசை முடிந்து ரோசி தானாக வந்தாள். பேசாமல் இருந்தேன். அலமாரிமேல் கிடந்த பெட்டியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். அதே படம்தான் உள்ளே.

"என்னட்டி இது, செத்துக் கெடக்கு? அன்னைக்கு எடுத்ததுல உசிரு இருந்துச்சு. பயந்துட்டேன்லா."

சிரித்துவிட்டேன். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுகளத் திட்டாத. நெசம் சொன்ன என்கிட்ட நீ எத்தன நாளாப் பேசல?"



ஆகஸ்ட் 17

மூன்று பேரையும் வரச் சொல்லி, வைத்த சோதனையைச் சொல்லிவிட்டேன். ஹஸீனா கண் கலங்கினாள். ஜிஜி தலை குனிந்துகொண்டாள். பெட்டியில் புதுப் படத்தை வைத்து அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"முன்னால ஒரு ஏலத்தட்டை மறைக்குது. இது… ஒப்பேறல, ரிஞ்சு."

நாளைக்கு வேறு எடுக்க வேண்டும்.

டீயை நான்தான் ஊற்றினேன். கெட்டிலை யாரும் வாங்கவில்லை. "இங்கிட்டு, இன்னும் இங்கிட்டு" என்றாள் ஜிஜி. "என் கையில ஊத்திராத."