ஐட்லிங்ல உதறுது

வேங்கிக்கால்,
5.2.2026

அன்பு நண்பன் ஜியாவுக்கு,

சக்திவேல் எழுதிக்கொள்வது. இங்க நானும் உண்ணாமலையும் சௌக்கியம். தங்கச்சி ரஹமத்துன்னிசா, பிள்ளைங்க எல்லாம் எப்படி இருக்காங்க? நீ என் நம்பரை பிளாக் பண்ணிட்டதால டீக்கடை ஜோதியம்மாள் கையில இதைக் குடுத்தனுப்பறேன்.

டாக்ஸி இன்னும் சரியாகலடா. நின்ன இடத்துல ஓடவிட்டா, ஐட்லிங்ல உதறுது. ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்குது, சிக்னல்ல ஆஃப் ஆயிடுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. மூணு ஷெட்டுக்குப் போயாச்சு. பிளக் மாத்தியும் கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தும் தெரியல. நானும் கார்த்திகை தீபத்துல இருந்து ஒவ்வொரு பௌர்ணமியும் கிரிவலம் முடிச்சு, ஏர் ஃபில்டர் டப்பாக்குள்ள சாமி விபூதிப் பொட்டலம் புதுசா வச்சுட்டுத்தான் வரேன்.

16-ந் தேதி ஒரு ஆபீஸ்ல வருஷ வாடகைக்கு வண்டி எடுக்கறாங்க. ஓட்டிக் காட்டணும். நடுவுல நின்னுட்டா என் பொழப்பு போச்சு. பழசை மனசுல வச்சுக்காத.

உன்,
சக்திவேல்


செங்கம் ரோடு,
7.2.2026

சக்திவேலுக்கு,

ஜியாவுல்லா எழுதறேன். ரெண்டு மாசத்துல பழசாயிடுச்சா உனக்கு?

நீ என்கிட்ட விட்டது பிரேக் வேலைக்கு. பானெட்டை நான் திறக்கவே இல்ல. பத்து நாள் கழிச்சு இன்ஜின் உதறினதும் டிரைவர் வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸ் போட்ட, "ஜியாவுல்லா கை வச்சா இன்ஜின் காலி"னு. வந்துட்டிருந்த வண்டியெல்லாம் நின்னுபோச்சு, ஷெட்டை மூடிட்டேன். என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன் ஷெட்டுலயே இப்ப ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டிருக்கேன்.

உன் கடுதாசியைப் படிச்சதுமே கோளாறு என்னனு தெரிஞ்சுபோச்சு. அதே குரூப்ல, அதே வாயால, பொய் சொன்னேன்னு வாய்ஸ் போடு. அப்புறம் கேளு.

ஜியாவுல்லா


வேங்கிக்கால்,
9.2.2026

ஜியா,

போட்டுட்டேன். உன் மேல தப்பே இல்ல, நான்தான் அபாண்டமா சொல்லிட்டேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டேன். ஸ்டாண்டுல தலை நிமிர முடியல. இதை அன்னிக்கே செஞ்சிருக்கணும்னு உண்ணாமலை திட்றா. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு, சீக்கிரம் எழுதுடா.

சக்திவேல்


வேங்கிக்கால்,
13.2.2026

ஜியா,

தினம் ஜோதியம்மாள்கிட்ட கேக்கறேன், எதுவும் வரலங்கறாங்க. நடுவுல சனி, ஞாயிறுதான் இருக்கு. நீ இப்ப வேலை பாக்கற ஷெட்டுக்கே வந்தேன், வெளியே போயிட்டேன்னு சொல்லச் சொன்னியாமே. ஒரு வரி போதும்டா.

சக்திவேல்


செங்கம் ரோடு,
17.2.2026

சக்திவேலுக்கு,

நேத்து வண்டி ஆபீஸ் கேட்டுல ரெண்டு தடவை நின்னுச்சாம், உங்க ஸ்டாண்டு முருகவேல் வண்டியை எடுத்துக்கிட்டாங்களாம். கேள்விப்பட்டேன். 16 முடிஞ்சப்புறம்தான் சொல்லணும்னு உன் முதல் கடுதாசியைப் படிச்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப கேட்டுக்க. ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் பொட்டலத்தை வச்சிருக்க. பேப்பர் கிழிஞ்சு, விபூதி காத்தோட உள்ள போயி, காத்தை அளக்கற சென்சார்லயும் காத்தை உள்ள விடற த்ராட்டில்லயும் படிஞ்சிருக்கு. அதான் உதறல், அதான் மந்தம். அந்த மூணு ஷெட்டுக்காரங்களும் பொட்டலத்தைப் பாத்திருப்பாங்க. சாமி பிரசாதம்னு கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்த இடத்துலயே வச்சிருப்பாங்க. நானா இருந்தா எடுக்கட்டுமாடானு உன்கிட்ட கேட்டிருப்பேன்.

பொட்டலத்தை எடுத்துட்டு, சென்சாரையும் த்ராட்டிலையும் அதுக்குண்டான ஸ்ப்ரே அடிச்சுக் கழுவச் சொல்லு. ஃபில்டரை மாத்து. அரை மணி நேர வேலை.

நோன்பு வருது, அதுக்குள்ள அவரை மன்னிச்சிடுங்கனு ரஹமத்துன்னிசா சொல்றா. என்னால முடியல. நேத்து உன் வண்டி நின்ன சேதி கேட்டு, ரெண்டு மாசத்துல முதல் தடவையா வயிறாரச் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் மன்னிச்சேன்னு எப்படிச் சொல்றது?

இனிமே எழுதாத.

ஜியாவுல்லா